சாமான் எங்கே எடுப்பாய்?

திருகோணமலையில் ஒருவர் கார் வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் ஊர் மூன்று கேள்வி கேட்கும். எத்தனையாம் ஆண்டு வண்டி, லீற்றருக்கு எவ்வளவு ஓடும், வித்தால் என்ன விலை போகும். ஜப்பான் கார் என்றால் விசாரணை அத்தோடு முடிந்தது. இத்தாலிக் கார் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் நாலாவதாக ஒன்று வரும். கேள்வியின் தோரணையில்தான் வரும், ஆனால் கேட்பவர் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்: “சாமான் எங்கே எடுப்பாய்?”

துறைமுகத்தில் வேலைபார்க்கும், எனக்குத் தம்பி முறையான ஒருவர் சில மாதங்களாக இந்த நாலாவது கேள்வியில் சிக்கி நிற்கிறார். அவர் மனதில் இரண்டு கார்கள். ஒன்று அல்ஃபா ரோமியோ 156, இரண்டு லீற்றர் எஞ்சின், செலஸ்பீட் கியர். மற்றது ஃபியட் 500, 1.2 லீற்றர், கையால் கியர் மாற்றுவது. இரண்டும் கொழும்புப் பக்கத்து விளம்பரங்கள். மனைவி, மாமனார், வழமையாக வண்டி பார்க்கும் கராஜ்காரர் எல்லாரும் வேறு வேறு காரணம் சொல்லி ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: வேண்டாம். என்னிடமும் கேட்டார். ஊர் கேட்கும் கேள்வி சரியானது, அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு சாமானாகப் பதில் தேடு என்றேன். அப்படித் தேடினால் அந்த இரண்டு கார்களும் ஒரே இனமாகத் தெரியாது. ஒன்றை வாங்கலாம், மற்றதை வாங்கக் கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் ஊரின் பயத்தைப் பார்ப்போம். பின்னேரம் உள்துறைமுக வீதியில் நின்று வருகிற போகிற கார்களைப் பார்த்தால் வெகன் ஆர், ஆல்டோ, விட்ஸ், அக்வா, அக்சியோ. மறுபடி வெகன் ஆர். நிறமும் பெரும்பாலும் வெள்ளை, இல்லாவிட்டால் சாம்பல். இதில் சலிப்பு இருக்கிறதே தவிர முட்டாள்தனம் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் நாடே கடன் கட்ட முடியாமல் விழுந்தது, ரூபாய் கரைந்தது, வாங்கிய விலையைவிடக் கூடுதலாகத் தன் பழைய காரை வித்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். கார் என்பது நாலு சில்லில் ஓடும் நிலையான வைப்பு என்ற எண்ணம் அப்போது ஆழமாக ஊன்றிவிட்டது. 2022இல் கியூஆர் அட்டைக்கு வாரம் இருபது லீற்றர் பெற்றோல் வாங்கி ஓடியவர்களிடம் போய் “ரசனைக்காக ஒரு இரண்டு லீற்றர் எஞ்சின்” என்று பேசினால் கோபம்தான் வரும்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. வித்தால் என்ன போகும் என்பதை முதற் கேள்வியாக வைத்துக் கார் வாங்குகிறவர் தனக்காக வாங்குவதில்லை, தனக்குப் பிறகு அதை வாங்கப் போகிற முகம் தெரியாத ஒருவருக்காக வாங்குகிறார். அந்த ஒருவருக்கு வெள்ளை பிடிக்கும் என்று வெள்ளை வாங்குகிறார். அந்த ஒருவருக்காகவே இருக்கையின் பொலித்தீன் உறையைக் கழற்றாமல் வைத்து, நம்மூர் வெயிலில் அது உருகி முதுகில் ஒட்டிக்கொள்ள, ஐந்து வருடம் அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுகிறார். தன் உழைப்பில் வாங்கிய பொருளில் தன் கண்ணுக்கு வடிவான ஒன்றைத் தேட ஒருவருக்கு உரிமை இல்லையா? தம்பியின் ஆசையை நான் அங்கிருந்துதான் மதிக்கிறேன்.

156 வடிவுதான், மறுக்க முடியாது. வால்ட்டர் டி சில்வாவின் தலைமையில் வரைந்து 1997இல் வெளிவந்த கார். 1998இன் ஐரோப்பிய ‘ஆண்டின் சிறந்த கார்’ விருது பெற்றது. முன்முகத்தில் கேடய வடிவக் கம்பிச்சட்டம் நடுவில் கீழே இறங்கிவர, அதற்கு மரியாதை செய்வதுபோல இலக்கத் தகடு ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். பின்கதவின் கைப்பிடியைக் கண்ணாடி ஓரத்துக் கறுப்புக்குள் ஒளித்து வைத்ததால் நாலு கதவுக் கார் இரண்டு கதவு வண்டியின் மிடுக்கோடு தெரியும். பிறகு எத்தனையோ நிறுவனங்கள் இதைப் பார்த்துச் செய்தன. இன்று ஜப்பான் கார்களிலும் கைப்பிடி அப்படி ஒளிந்திருக்கக் காணலாம்.

இனி ஊருக்கு ஒரு செய்தி. நீங்கள் இத்தாலியை நம்பவில்லை என்கிறீர்கள். ஆனால் காலை எழுந்ததிலிருந்து அதில்தான் ஏறி இறங்குகிறீர்கள். பஸ் நிலையத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கும் ஓட்டோக்களின் வம்சம் எது? இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஹெலிகொப்டர் வடிவமைத்துக்கொண்டிருந்த கொறாடினோ டஸ்கானியோ என்ற எஞ்சினியர் பியாஜ்ஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பா ஸ்கூட்டரை வரைந்தார். 1948இல் அந்த ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு சில்லும் ஒரு பெட்டியும் சேர்ந்து ‘ஆப்பே’ என்ற மூன்று சில்லு வண்டியானது. பஜாஜ் அதை உரிமம் பெற்று இந்தியாவில் செய்தது. 1971இல் உரிமம் முடிந்தது, வண்டி நிற்கவில்லை. இலங்கையில் இன்று பத்து இலட்சத்துக்கு மேல் முச்சக்கர வண்டிகள் பதிவில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பார்த்தாவது “இத்தாலிச் சரக்கு, வழியில் நிற்கும்” என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நிற்கத்தான் செய்கிறது. நின்றால் அடுத்த சந்தியில் ஒருவர் கேபிள் மாற்றிவிடுகிறார், அவ்வளவுதான்.

காரிலும் இதே கதை. நம் தாத்தாமார் ஓட்டிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் கார்களில் 1959இல் வந்த, பின்பக்கம் மீன்செட்டை தூக்கிய உருவம் ரூறின் நகரத்துப் பினின் ஃபரீனாவின் கைவண்ணம். பேஜோ 404உம் அங்கிருந்துதான். 1963இன் டட்சன் புளூபேர்ட்கூட ஃபரீனா வெட்டிய சட்டைதான். சென்னையில் செய்த ஸ்ராண்டர்ட் ஹெரால்டை வரைந்தவர் ரூறின்காரர் மிக்கெலொட்டி. டாட்டா இண்டிகாவின் உருவமும் ரூறினில் பிறந்ததே. அதைவிட முக்கியம், எஞ்சினைக் குறுக்காக வைத்து, அதன் நுனியில் கியர்ப்பெட்டியைப் பொருத்தி, நீளம் வேறுபட்ட இரண்டு தண்டுகளால் முன்சில்லுகளைச் சுழற்றும் அமைப்பு. அதை டான்டே ஜக்கோசா 1964இல் அவுட்டோபியாங்கி பிரிமூலா என்ற சிறு காரில் முயன்று பார்த்து, 1969இல் ஃபியட் 128இல் நிலைநிறுத்தினார். உங்கள் விட்ஸின் முன்மூடியைத் தூக்கிப் பாருங்கள். அந்த அமைப்புத்தான் உள்ளே கிடக்கிறது.

வடிவமும் யோசனையும் வேறு, திருகாணி முறுக்கும் தரம் வேறு என்பீர்கள். சரி, இத்தாலியின் திருகாணியையே பார்ப்போம். ஃபியட் 1100 காரின் புதிய வடிவம் 1953இல் பிறந்தது. இலங்கையிலும் ஓடியது, அதற்குப் பிறகு எழுபதுகளில் உபாலி விஜேவர்தன ஃபியட்டை இங்கேயே பொருத்தி ‘உபாலி ஃபியட்’ என்று வித்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த 1100இன் ஒரு வாரிசைத்தான் பம்பாயில் பிறிமியர் நிறுவனம் 1964 முதல் செய்யத் தொடங்கியது. பிற்பாடு பத்மினி என்று பெயர் மாறி, இந்த நூற்றாண்டு பிறக்கும்வரை அது தயாரிப்பில் இருந்தது. மும்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றால் அதுதான். கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 2023 ஒக்ரோபர் இறுதியில் ஓய்வு பெற்றது. பழுதாகி நின்றதால் இல்லை, டாக்சிக்கு இருபது வருட வயதெல்லை என்ற சட்டத்தால்.

மும்பாயை யோசித்துப் பாருங்கள். கடல் உப்பு, அடைமழை, வேர்க்கும் வெக்கை, நகராத நெரிசல். திருகோணமலையைவிடக் கொடுமையான இடம். அங்கே ஒரு இத்தாலிக் கார் பல தசாப்தம் கூலிக்கு ஓடியதென்றால் அதற்குக் காரணம் ரூறின்காரரின் கெட்டித்தனம் மட்டுமில்லை. தெருவுக்குத் தெரு அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரு ஆள் இருந்தார், அவருக்குப் பக்கத்துக் கடையில் சாமான் இருந்தது. அதே ஃபியட் நிறுவனம் அமெரிக்காவில் பட்ட பாடு வேறு. மூன்று வருடம் ஓடிய கார்களை வைத்து ஜே.டி. பவர் நிறுவனம் எடுக்கும் நம்பகக் கணிப்பில் 2017இல் ஃபியட் கடைசி இடம். வேடிக்கை என்னவென்றால், புதுக் காரின் முதல் தொண்ணூறு நாட்களை அளக்கும் அவர்களது இன்னொரு கணிப்பில் 2023இல் சொகுசுக் கார் நிறுவனங்களுக்குள் அல்ஃபா ரோமியோ முதலிடம் பிடித்தது. கொழும்பில் வெளிநாட்டுக் கணிப்புகளை நீட்டிக் காட்டும் விற்பனையாளர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டலாம். நம் கைக்கு வருவது பதினைந்து இருபது வயதுக் கார். அதற்கு முதல் மூன்று மாதச் சான்றிதழ் எதற்கு?

சோவியத் நாட்டுக் கதையும் இங்கே பொருந்தும். 1966இல் ஃபியட் 124 காரை டொலியாட்டி நகரில் செய்ய ஒப்பந்தம் போட்டார்கள். ரஷ்யர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தகட்டின் தடிப்பைக் கூட்டினார்கள், அடிப்பாகத்தை உயர்த்தினார்கள், சேற்றில் கெட்டுப்போகிறது என்று பின்சில்லின் டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் பூட்டினார்கள். 1970இல் வெளிவந்த அந்த லாடா, பனியிலும் குழியிலும் தலைமுறைகள் ஓடியது. காரைத் தன் ஊருக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டால் இத்தாலிக்காரனும் உழைப்பான்.

நமக்கும் அந்தக் கைத்திறன் இருந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வடக்கில் பழைய ஒஸ்ரின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். காபரேட்டரும் பொயிண்டும் உள்ள எஞ்சின் என்பதால் அது நடந்தது. கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் முடிகிற எதையும் நம்மவர் திருத்திவிடுவார்கள். இத்தாலிக் கார் நம்மூரில் தோற்கும் இடம், கைக்கும் கண்ணுக்கும் எட்டாத பாகங்கள் தொடங்கும் இடம்.

அந்த 156இன் முன்மூடிக்குக் கீழே போவோம். ட்வின் ஸ்பார்க் என்ற பெயருக்கேற்ப நாலு சிலிண்டருக்கு எட்டு பிளக். செலவுதான், பரவாயில்லை. டைமிங் பெல்ட்டை இலட்சத்து இருபதாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று முதலில் சொன்னார்கள். பெல்ட்டுகள் அதற்கு வெகு முன்பே அறுந்தன. அறிந்தவர்கள் அறுபதாயிரத்திலேயே மாற்றிவிடுவார்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். அதோடு ஹெட்டைக் கழற்ற வேண்டும், செலவு காரின் விலையை எட்டிப் பார்க்கும். கேம் தண்டின் நேரத்தை மாற்றிக்கொடுக்கும் வேரியேற்றர் தேய்ந்தால் காலையில் எஞ்சினை எழுப்பும்போது சில விநாடி டீசல் வண்டிபோலத் தட்டும். பெல்ட் மாற்றும்போது அதையும் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டு லீற்றர் எஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் தண்டுகளுக்கு இன்னொரு சிறிய பெல்ட் வேறு உண்டு. அதை மறந்துவிட்டு பெரியதை மட்டும் மாற்றுகிற கராஜ்கள் உண்டு. இவ்வளவும்கூடத் திருத்தக்கூடிய வேலை. ஒரு நல்ல மெக்கானிக்கும், கேம் தண்டைப் பூட்டிவைக்கும் அந்த எஞ்சினுக்குரிய கருவியும் இருந்தால் போதும்.

செலஸ்பீட் அப்படியில்லை. அது உண்மையில் சாதாரண கையால் மாற்றும் கியர்ப்பெட்டிதான். கிளச்சை அழுத்துவதையும் கியரைத் தள்ளுவதையும் மனிதனுக்குப் பதிலாக ஒரு மின்பம்பும் எண்ணெய் அழுத்தமும் செய்கின்றன. பம்ப் சோர்ந்தால், அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் குண்டு பழுதானால், ஒரு சிறு ரிலே செத்தால், கார் நியூற்றலில் நின்றுவிடும். அது அநுராதபுரச் சந்தியின் நடுவாகவும் இருக்கலாம், கந்தளாய்க் காட்டு ஓரமாகவும் இருக்கலாம். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. பொதுவான ஸ்கானர் எஞ்சின் பழுதை வாசிக்கும், இந்தக் கியரின் கொம்பியூட்டரோடு பேசாது. அதற்கென்று மடிகணினியில் போடும் மென்பொருளும் கேபிளும் உண்டு, விலை பெரிதில்லை. ஆனால் அது சொல்லும் பழுதை விளங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இருப்பது கொழும்பில். இங்கிருந்து சுமார் 260 கிலோமீற்றர். நம்பகம் என்பதை நான் இந்தத் தூரத்தால்தான் அளப்பேன். மிலான் நகரில் ஒருவர் இதே காரை வைத்திருந்தால் அது செவ்வாய்க்கிழமை நின்று புதன்கிழமை ஓடும் கார். நம்மிடம் அது லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போகும் கார்.

சாமான் வரும் வழியையும் பார்த்துவிடுவோம். கொழும்பில் பழைய சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் ஒரு முழுக் காரையே பொறுக்கிச் சேர்த்துவிடலாம் என்பார்கள்; ஜப்பான் காருக்கு அது ஏறக்குறைய உண்மை. இத்தாலிக் காருக்குப் பஞ்சிகாவத்தையிலும் “நாளைக்கு எடுத்துப் பாருங்கோ” என்ற பதில்தான். அந்த நாளை ஒரு வழியாக வந்தால், சாமானைப் பழைய தினசரி ஒன்றில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே தொலைபேசி இலக்கம் எழுதி, திருகோணமலைக்கு வரும் இரவு பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். விடியப் போய் எடுத்துப் பிரித்தால், பழையதில் நாலு ஊசி இருந்த இடத்தில் புதியதில் மூன்று இருக்கும். ஒரே ஆண்டில், ஒரே மொடலில், சேஸி இலக்கம் மாறினால் சாமானும் மாறும் என்பது அல்ஃபாக்காரர்கள் தந்த பழக்கம். ஆகவே சேஸி இலக்கம் சொல்லாமல் வாங்கும் எந்தச் சாமானும் பாதிக்குப் பாதி சூது. மற்ற வழி உறவு வழி. லண்டனில் ஒரு மச்சான் இருந்தால் சூட்கேஸில் ஒரு சென்சர் வரும். பலெர்மோவில் நம்மவர் கணிசமாக இருக்கிறார்கள்; சாந்தா ரொசாலியா அம்மனைக் கும்பிட மலை ஏறும் தமிழர்களை அந்த ஊரே அறியும். அங்கே ஒரு உறவு வாய்த்தால் அல்ஃபாச் சாமானுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஒரு கார் ஓடுவதற்கு இரண்டு நாட்டு உறவு தேவைப்பட்டால் அதை அன்றாடக் கார் என்று சொல்ல மாட்டேன்.

ஃபியட் 500இன் கணக்கு இங்கேதான் பிரிகிறது. 2007இல் வந்த இந்தச் சின்ன உருண்டைக் கார், ஜக்கோசாவின் 1957ஆம் ஆண்டு 500ஐ நினைத்து வரைந்தது. தயாரித்தது போலந்தில். அதன் 1.2 லீற்றர் எஞ்சின் 1985இல் தொடங்கிய ஃபயர் என்ற குடும்பம். ஒரு கேம் தண்டு, எட்டு வால்வு, சுற்றிலும் ஸ்பானர் போக இடம். புன்ரோ, பண்டா, இரண்டாம் தலைமுறை ஃபோர்ட் கா என்று இலட்சக்கணக்கான வண்டிகளில் இதே எஞ்சின் இருப்பதால் வலப்பக்க ஸ்டியரிங் கார்கள் ஓடும் இங்கிலாந்தில் இதன் சாமான் மலிவு. இதை முதன்முறை பார்க்கிற நம்மூர் மெக்கானிக்கும் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார். ஓட்ட விறுவிறுப்பாக இருக்காது. அதனால் என்ன, உவர்மலை ஏற்றத்துக்கு எவ்வளவு விறுவிறுப்பு வேண்டும்?

ஆனால் 500இலும் எல்லாம் ஒன்றில்லை. தானாகக் கியர் மாற்றும் டுவலொஜிக் என்ற வகை, செலஸ்பீட்டின் தம்பி. அதே பம்ப், அதே தலையிடி. கியர் மாற்ற அலுப்பு என்று நம்மவர் அதைத்தான் தேடிப் பிடிப்பார்கள். இன்னொன்று 875 சிசி, இரண்டே சிலிண்டர் ட்வின்எயார் எஞ்சின். 2011இல் உலகின் ஆண்டுச் சிறந்த எஞ்சின் விருது பெற்றது. ஆயிரம் சிசிக்குக் கீழ் என்றால் வரி குறையும் நம் நாட்டில் அதன் எண்ணைப் பார்த்தாலே நாவூறும். விடயம் என்னவென்றால், அதில் வால்வைத் திறப்பது எஞ்சின் ஒயிலின் அழுத்தம். ஒயிலின் தரம் தவறினால், மாற்றும் தவணை பிந்தினால், நுண்வடிகள் அடைத்து எஞ்சின் முரண்டு பிடிக்கும். கராஜ் மூலையில் நிற்கும் டிரம்மிலிருந்து எல்லா வண்டிக்கும் ஒரே தடித்த ஒயிலை ஊற்றும் பழக்கம் உள்ள ஊரில் இதை வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

துருவைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் கார்ப் பேச்சு முடியாது. இத்தாலிக் கார் துருப்பிடிக்கும் என்ற பெயர் எழுபதுகளில் விழுந்தது. நேப்பிள்ஸ் பக்கத்தில் செய்த அல்ஃபாசூட் துருவுக்கே பெயர் போனது. சோவியத்திடம் வாங்கிய மட்டமான இரும்பால் வந்த வினை என்று ஒரு கதை உலாவுகிறது, ஆதாரம் பலமானதில்லை. 1980இல் பிரிட்டனில் லான்சியா பேற்றா கார்களின் எஞ்சின் தாங்கும் சட்டம் உக்கிப்போக, நிறுவனமே கார்களைத் திரும்ப வாங்க நேர்ந்தது. அந்த நாட்டுச் சந்தையில் லான்சியா பிறகு எழும்பவேயில்லை. ஆனால் 1988இல் ஃபியட் டீப்போ நாகம் பூசிய உடலோடு வந்தபின் நிலைமை மாறிவிட்டது. இன்று நம் கடற்கரையில் ஒரு விட்ஸ் எவ்வளவு துருப்பிடிக்குமோ அவ்வளவுதான் ஒரு 500உம்.

அந்த ‘அவ்வளவு’ குறைவானதில்லை. வாடைக் காலத்தில் ஈரத்தோடு உப்பு வந்து உட்காரும், கச்சான் காலத்தில் புழுதி அதன்மேல் படியும். ஆகவே பார்க்க வேண்டியது பளபளக்கும் பொனற்றை இல்லை. குந்தி இருந்து, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். பெயின்ற் கொப்புளித்திருந்தால் விரல் சொல்லும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணிக்குள் வைத்து சில்லு வளைவுகளில் நகர்த்துங்கள். அது பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் தகடு இல்லை, புட்டி இருக்கிறது. ஜக் வைக்கும் இடங்களைச் சாவி முனையால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்னும், உக்கியது பொத்தென்னும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள்; நீங்கள் வரும் நேரம் பார்த்து விற்பவர் அதைச் சூடாக்கி வைத்திருந்தால் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் பிந்திப் பாருங்கள். நீண்ட ஸ்குரூட்றைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் பழைய மெக்கானிக் யாராவது கூட வருவாரென்றால் அவருக்குச் சாப்பாடும் பயணச் செலவும் கொடுத்து அழைத்துப் போங்கள். இந்தச் சோதனை எந்தக் காருக்கும் பொருந்தும் என்பது உண்மை. ஜப்பான் காருக்குச் செய்யாமல் விட்டால் தப்பிக்கலாம், இத்தாலிக் காருக்கு விட்டால் தப்பிக்க முடியாது.

தம்பியின் வீட்டுக்காரம்மாவின் எதிர்ப்பை நான் அற்பமாக எடுக்கவில்லை. வீட்டில் இருப்பது ஒரே வாகனம் என்றால், நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி நிலாவெளியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நாளில் கைப்பிடி ஒளிந்திருக்கும் அழகு உதவாது. தம்பி வீட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது, மாமனாரின் ஆல்டோ அடுத்த தெருவில் நிற்கிறது. அந்த ஆல்டோ இல்லாவிட்டால் என் பதிலும் மாமனாரின் பதிலாகவே இருந்திருக்கும்.

இதில் அரசுக்கும் ஒரு பங்கு உண்டு. எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து வரி போடும் முறையும், மூன்று வயதுக்கு மேற்பட்ட காரை இறக்க விடாத விதியும் சேர்ந்து, நாடு முழுவதையும் ஒரே நாலைந்து மொடலுக்குள் அடைத்துவிட்டன. அந்த நாலைந்தையே பார்த்துப் பழகிய கராஜ் வேறொன்றைத் தொடப் பயப்படுகிறது, கராஜ் பயப்படுவதால் வாங்குபவரும் பயப்படுகிறார். கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜெர்மன் உதவியோடு எழுந்த தொழிற்பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார்கள். அப்படிப் படித்து மின்சுற்று வரைபடம் வாசிக்கத் தெரிந்துகொண்ட பிள்ளைகளில் எத்தனை பேரை டோஹாவும் துபாயும் நமக்கு விட்டுவைக்கும் என்று தெரிந்ததுதான். உலகம் வியக்கும் இயற்கைத் துறைமுகம் நம் வாசலில் கிடக்க, கார்க் கப்பல்கள் அம்பாந்தோட்டையில் இறக்கிவிட்டுப் போகின்றன. இங்கே கோதுமையும் சீமெந்து மூலப்பொருளும் இறங்குகின்றன. அது வேறு வழக்கு, இன்னொரு நாள் பேசலாம்.

தம்பிக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். செலஸ்பீட் 156 வேண்டாம், விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கையால் கியர் மாற்றும் 156 ஒன்று நல்ல நிலையில் வந்தால், சேர்விஸ் பில்கள் இருந்தால், ஞாயிற்றுக்கிழமைக் காராக யோசிக்கலாம். அன்றாடத்துக்கு அந்த 1.2 ஃபியட் 500. காசு கைமாறுவதற்கு முன்பே சேஸி இலக்கத்தை எடுத்து டைமிங் பெல்ட் செற், தண்ணீர்ப் பம்ப், கிளச் செற், முன்சில்லு பெயாரிங், இக்னிஷன் கொயில் என்று ஒரு பட்டியல் போட்டு, அவை எங்கே, என்ன விலைக்கு, எத்தனை நாளில் வரும் என்று கொழும்பிலும் லண்டனிலும் கேட்டுவிட வேண்டும். உப்புவெளிப் பக்கம் அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இந்த எஞ்சினைப் பொறுப்பெடுக்கச் சம்மதிக்கிறாரா என்பதும் அந்தப் பட்டியலில் ஒரு வரி. சம்மதித்துவிட்டார் என்று போன கிழமை செய்தி வந்தது.

விற்பவர் பெல்ட் மாற்றியாயிற்று என்கிறார், பில் இல்லை என்கிறார். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. பெல்ட்டுக்கும் பம்புக்கும் கூலிக்கும் ஆகும் தொகையைக் கேட்ட விலையில் கழித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். நாளை மறுநாள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம்.